சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஒரே நாள் நடை: 64 வயது அப்பாவை அழைத்துப் போகலாமா?

சென்னிமலை மகள் (இல்ஃபோர்டு)

அனைவருக்கும் வணக்கம். அப்பா சென்னிமலையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. லண்டனில் பாலம், அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாம் காட்டியாயிற்று. முந்தாநாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஊரைப் பார்த்தது போதும் சாமி, நடக்க ஓர் இடம் இருந்தால் சொல்" என்றார்.

அவருக்கு 64 வயது. தறிப் பட்டறையில் நின்றே உழைத்தவர். வாரம் ஒருமுறை சென்னிமலை முருகன் கோயிலின் 1,320 படிகளையும் ஏறி இறங்குவார். தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தில் முப்பது வருடமாக இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை. வேறு தொந்தரவு கிடையாது.

அவர் கேட்பது இதுதான்: ஓர் ஊரில் ரயிலைவிட்டு இறங்க வேண்டும், நாள் முழுக்க நடக்க வேண்டும், வேறோர் ஊரில் ரயில் ஏற வேண்டும். போன வழியிலேயே திரும்பி வருவது அவருக்குப் பிடிக்காது. தேடியபோது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சீஃபோர்டு – ஈஸ்ட்போர்ன் கடலோரப் பாதை கண்ணில் பட்டது. 22 கிலோமீட்டர் என்கிறார்கள். படத்தில் அந்த வெள்ளைப் பாறைகளைப் பார்த்ததுமே அப்பா முடிவு செய்துவிட்டார்.

எனக்குத்தான் பயமாக இருக்கிறது. எந்த ஊரிலிருந்து தொடங்குவது? வரைபடத்தில் நடுவே ஓர் ஆறு கடலில் சேர்கிறது, அங்கே பாலம் எதுவும் தெரியவில்லையே, எப்படிக் கடப்பது? பாறை விளிம்பில் வேலி இல்லை என்பது உண்மையா? நடுவில் முடியாமல் போனால் வெளியேற வழி உண்டா? கணவருக்கு சனிக்கிழமையும் வேலை என்பதால் நானும் அப்பாவும் மட்டுமே போகிறோம். ஜூன் முதல் வாரம் என்று நினைத்திருக்கிறேன்.

வடமராட்சியான் (ஹாரோ)

தங்கச்சி, கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பாதையைப் பத்தொன்பது வருடங்களில் பதினொரு தடவை நடந்திருக்கிறேன். தனியாக, மனைவியோடு, பிள்ளைகளோடு, ஒருமுறை ஊரிலிருந்து வந்த பெரியம்மாவோடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீஃபோர்டில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடியுங்கள். தலைகீழாகச் செய்ய வேண்டாம். இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். கிழக்கே நடந்தால் அது முதுகில் பிடித்துத் தள்ளும். மேற்கே நடந்தால் 22 கிலோமீட்டரும் முகத்தில் அறையும். அதோடு பின்னேரத்தில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடுவதால் கண் கூசாது. முடிவில் ஈஸ்ட்போர்ன் பெரிய ஊர் என்பதையும் நினையுங்கள்: ரயில்கள் அதிகம், சாப்பாட்டுக் கடைகள் அதிகம். களைத்துப்போய் வருகிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

லண்டன் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து லூவிஸ் வரை வந்து, அங்கே சீஃபோர்டு கிளைப் பாதைக்கு மாறுங்கள். எல்லாமாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். திரும்பும் ரயிலும் லூவிஸ் வழியாகத்தான் வருகிறது. ஆகவே லண்டன் – லூவிஸ் போக வர ஒரு டிக்கெட், லூவிஸ் – சீஃபோர்டு ஒன்று, ஈஸ்ட்போர்ன் – லூவிஸ் ஒன்று என்று வாங்கினால் குழப்பம் வராது. அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டதால் கடவுச்சீட்டைக் காட்டி சீனியர் ரயில்கார்டு எடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு குறையும். தண்டவாளப் பராமரிப்பு வேலை வார இறுதிகளில்தான் நடக்கும், முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

இனி ஆற்றைப் பற்றி. அதன் பெயர் கக்மியர். கழிமுகத்தில் பாலம் கிடையாது. பாலம் இருப்பது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் உள்ளே, எக்ஸீட் என்னும் இடத்தில். மேற்குக் கரையோடு உள்ளே போய், பாலத்தைக் கடந்து, கிழக்குப் பக்கம் மேடேறித் திரும்பவும் கடலுக்கு வர வேண்டும். நான்கு கிலோமீட்டர் வீணாகிறதே என்று மனம் சொல்லும். எதிர்க்கரை கண்ணுக்கு முன்னே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கிடக்கும். ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவதையும் பார்ப்பீர்கள். இறங்காதீர்கள்.

நான் இறங்கினேன். முதல் தடவை, 25 வயதில், இரண்டு நண்பர்களோடு. நான் பருத்தித்துறைக் கடலோடு வளர்ந்தவன். எங்கள் கடல் ஒரு நாளில் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். கடல் என்றால் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஆனால் பக்கத்து நியூஹேவனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றுக்கும் பெருக்கிற்கும் இடையே ஏறக்குறைய ஆறு மீட்டர் வித்தியாசம் வரும். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல்! அந்தத் தண்ணீர் முழுவதும் ஒடுக்கமான ஆற்று வாயால் உள்ளே பாய வேண்டும். முழங்கால் அளவு என்று இறங்கினோம். பாதி தூரத்தில் இடுப்பு, இன்னும் நான்கு அடியில் மார்பு. கால்களுக்குக் கீழே கூழாங்கற்கள் உருண்டு ஓடின. நடுவில் நின்ற நண்பனின் பை போனது, என் சப்பாத்துகள் போயின, மூவரும் உயிரோடு திரும்பியது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. அன்றைக்கு வெறுங்காலோடு எக்ஸீட் பாலம் வரை நடந்து பஸ் ஏறினோம். பாதயாத்திரை நடக்கிறவர் அப்பா, தண்ணீருக்குப் பயப்பட மாட்டார். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அந்த நான்கு கிலோமீட்டரை வீண் என்று நான் இப்போது நினைப்பதில்லை. ஆறு பாம்பு போல வளைந்து கிடக்கும் பள்ளத்தாக்கு அது. வளைவுகளை விட்டுவிட்டுத் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போவதற்கு 19ஆம் நூற்றாண்டில் ஒரு கால்வாய் வெட்டிவிட்டார்கள். அழகுக்குப் பெயர்போன அந்த வளைவுகளில் இப்போது ஓட்டம் இல்லை, குளம் போலத் தேங்கிக் கிடக்கின்றன. கொக்குகள் நிற்கும். எக்ஸீட்டில் கழிவறை, தேநீர், பஸ் தரிப்பிடம் மூன்றும் உண்டு. அங்கே தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிவிடுங்கள். அடுத்த கழிவறையும் குழாயும் கடற்கரைக்குப் படியிறங்கும் இடமான பெர்லிங் கேப்பில்தான். இடையில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை.

எக்ஸீட்டுக்குப் பிறகு வருவது ஏழு சகோதரிகள் என்று பெயர்பெற்ற, வரிசையான வெள்ளைப் பாறை மேடுகள். ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். எண்ணிக்கொண்டு போனால் எட்டு வரும், குழம்ப வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது. முதலாவதான ஹேவன் பிரோ தான் உயரம், ஏறத்தாழ 77 மீட்டர். ஒவ்வொன்றும் சின்னது. ஆனால் இறங்கியதை உடனே திரும்ப ஏற வேண்டும் என்பதுதான் ஆளைச் சோர வைக்கும். நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் ஏற்றம் 500 மீட்டருக்குக் குறையாது.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். அந்த மேடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பள்ளமும் ஒரு காலத்தில் நீர் ஓடிய பள்ளத்தாக்கு. இது முழுக்கச் சீமைச்சுண்ணாம்பு நிலம். பெய்கிற மழை மேலே நிற்காது, நேரே கீழே இறங்கிவிடும். அதனால் இந்தக் குன்றுகளின் மேல் ஓடை கிடையாது. பனியுகத்தில் நிலம் உறைந்து இறுகிக் கிடந்தபோது உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி மேலே ஓடிற்று; அப்போது அறுத்த பள்ளங்கள் இவை. பின்பு கடல் வந்து அந்தப் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே வெட்டிவிட்டது. நாம் பார்க்கிற ஏழு சகோதரிகள் அந்த வெட்டுமுகம்தான். இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஊர் நினைவு வந்தது. யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல் நிலம். எங்களுக்கும் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. பெய்த மழை எல்லாம் கல்லுக்குள் போய்விடும், நாங்கள் கிணறு வெட்டி எடுப்போம். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆறில்லாத இன்னொரு சுண்ணாம்பு ஊரில் நிற்கிறேன் என்று தோன்றியது. அதன் பிறகுதான் இந்தப் பாதை எனக்கு நெருக்கமாகிவிட்டது.

விளிம்பு. ஆம், வேலி கிடையாது. இடைக்கிடை எச்சரிக்கைப் பலகை மட்டும். இந்தக் கரை சராசரியாக ஆண்டுக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை கடலுக்குப் போகிறது, ஆனால் வருடா வருடம் கணக்காகப் போவதில்லை. பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாளில் லொறிக் கணக்காக விழும். மேலே புல் பச்சையாக, உறுதியாகத் தெரியும். அடியில் கடல் குடைந்து வைத்திருக்கும். படம் எடுக்க விளிம்பில் உட்காரும் இளைஞர்கள் அதன் அடியைப் பார்த்ததில்லை. பெர்லிங் கேப்பில் படியிறங்கிக் கீழே நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், பிறகு நீங்களே கிட்டப் போக மாட்டீர்கள். எங்கள் வீட்டில் ஒரு விதி: விளிம்புக்கும் நமக்கும் நடுவே ஒரு பஸ்ஸைக் குறுக்கே நிறுத்த இடம் இருக்க வேண்டும். கீழே கரையில் நின்றாலும் பாறைச்சுவரின் அடியில் உட்காரக் கூடாது.

பெர்லிங் கேப்பை விட்டதும் பெல் டூட் வெளிச்சவீடு. 1830களில் கட்டியது. விளிம்பு நெருங்கி வந்ததால் 1999இல் அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். அதைத் தாண்டி ஏறினால் பீச்சி ஹெட், 162 மீட்டர். பிரிட்டனில் சீமைச்சுண்ணாம்புக் கடற்பாறைகளில் இதுதான் உயரம். கீழே கடலுக்குள் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இன்னொரு வெளிச்சவீடு, 1902இல் ஏற்றியது. 43 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம் மேலிருந்து பார்க்கையில் தீக்குச்சி போல நிற்கும். அங்கிருந்து ஈஸ்ட்போர்னுக்கு இறக்கம், பிறகு கடலோர நடைபாதை, பிறகு ஊருக்குள் ஸ்டேஷன்.

கைபேசியில் வெளிநாட்டு இணைப்பை நிறுத்திவிடுங்கள். அந்தக் கரையில் சில நேரம் பிரான்ஸ் சிக்னல் பிடித்துவிடும். கட்டணம் ஒருபுறம் இருக்க, கடிகாரமே ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். ரயில் நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் கட்டுங்கள்.

குரோய்டன் மருத்துவத் தாதி

வடமராட்சி அண்ணா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. "கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று அவ்வளவு விரைவாகச் சொல்ல மாட்டேன்.

தங்கையே, உங்கள் அப்பாவின் மூச்சைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ எனக்குச் சந்தேகம் இல்லை. 1,320 படி ஏறுகிறவரிடம் அவை இரண்டும் இருக்கும். நான் பார்ப்பது முழங்காலை. பழநி நடை பெரும்பாலும் சமதளச் சாலை. படிக்கட்டில் பாதம் ஒவ்வொரு முறையும் தட்டையான கல்லில் பதியும். இங்கே புல் சரிவில் பாதம் சாய்ந்தே பதியும், அதுவும் எட்டு இறக்கம். அறுபதைக் கடந்தவர்களின் முழங்கால் ஏற்றத்தில் குறைசொல்லாது, இறக்கத்தில்தான் சொல்லும், அதுவும் மறுநாள் காலையில்தான் சொல்லும். எங்கள் நடைக் குழுவில் எட்டுப் பெண்கள், நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களோடு போகும்போது பஸ்ஸில் எக்ஸீட் வரை போய் அங்கிருந்து நடக்கத் தொடங்குகிறோம். 15 கிலோமீட்டர்தான் வரும், பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

முழுவதும் நடப்பதென்றால் இரண்டு கைத்தடிகள் வாங்கிக்கொடுங்கள், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை. இறங்கும்போது கொஞ்சம் நீட்டிப் பிடிக்க வேண்டும். பாதயாத்திரைக்காரர் என்பதால் செருப்போடு கிளம்பிவிடுவார், விடாதீர்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மிதிபட்டுப் புல் தேய்ந்த இடங்களில் வெள்ளைச் சேறு சோப்பைப் போல வழுக்கும். அடிப்பாகத்தில் பள்ளம் வெட்டிய காலணி, இரண்டு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழகியதாக இருக்கட்டும். புதுக் காலணியோடு வந்தவர்களின் பாதங்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, பெண்ணுக்குப் பெண் சொல்கிறேன். எக்ஸீட்டுக்கும் பெர்லிங் கேப்புக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மறைவான புதர்கூட இல்லாத வெட்டவெளி. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில நீரை வெளியேற்றும் வகை. அப்பா எடுப்பது எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில், காற்றில் நீர் குறைந்தால் தலை சுற்றும், அந்தப் பாதையில் தலைசுற்றல் கூடாது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது. தொப்பிக்கு நாடா வேண்டும், இல்லையென்றால் அது பிரான்சுக்குப் போய்விடும்.

சென்னிமலை மகள் (இல்ஃபோர்டு)

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அப்பாவுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ஆற்றுக் கதையை இரண்டு தடவை கேட்டார். எக்ஸீட்டில் தொடங்கலாமா என்று கேட்டதற்கு, "ரயிலில் இறங்கிய இடத்திலிருந்து நடந்தால்தான் நடை" என்று சொல்லிவிட்டார். கைத்தடிக்கும் காலணிக்கும் சம்மதித்தார்.

எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தால் தொடரலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வீர்களா? சாப்பாடு முழுக்க சைவம்.

வடமராட்சியான் (ஹாரோ)

தாதி அக்கா சொன்னது சரி, முழங்காலைப் பற்றி நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். பெரியம்மாவை நான் கூட்டிக்கொண்டு போனதும் பெர்லிங் கேப்பிலிருந்துதான், முழுப் பாதையும் அல்ல. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நேரக் கணக்கு இது. சீஃபோர்டில் 9 மணிக்கு இறங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து கடல் ஐந்து நிமிடம். கடலோரமாக இடப்பக்கம் திரும்பி நடந்தால் நெப்போலியனுக்குப் பயந்து கட்டிய வட்டமான மார்டெல்லோ கோபுரம் வரும். அதைத் தாண்டி சீஃபோர்டு ஹெட் ஏற்றம். இதுதான் அப்பாவின் முழங்காலுக்குச் சோதனை. மேலே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிப் பாதை போகிறது, பந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹோப் கேப்பைத் தாண்டி இறங்கினால் பழைய கரையோரக் காவலர் வீடுகள். ஏழு சகோதரிகளை முழுதாகப் பார்க்கிற இடம் அதுதான். மேலே நடக்கும்போது காலடியில் உள்ளது தெரியாது, ஆகவே இங்கே ஆறுதலாக அரை மணி நேரம் உட்காருங்கள். நாட்காட்டிகளில் வருகிற படம் இங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

எக்ஸீட் பாலத்துக்கு 12 மணிக்குள் வந்தால் நல்லது. 1 மணிக்குப் பிறகு வந்தாலோ, அப்பா இறக்கத்தில் பக்கவாட்டாகக் கால் வைக்கத் தொடங்கியிருந்தாலோ, அங்கேயே நிறுத்துங்கள். பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12ஆம் எண் பஸ் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. எந்தத் திசையில் ஏறினாலும் ரயிலுக்குக் கொண்டுபோய் விடும்.

இரண்டாவது வாசல் பெர்லிங் கேப். அங்கிருந்து ஈஸ்ட் டீன் கிராமம் உள்நோக்கி ஒன்றரை கிலோமீட்டர். அதே பஸ் அங்கேயும் வரும். பெர்லிங் கேப்பை விட்டுவிட்டால் பீச்சி ஹெட் வரை ஏற்றம்தான், ஆகையால் முடிவை அங்கே எடுங்கள், வழியில் எடுக்காதீர்கள். ஜூனில் இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும், வெளிச்சத்துக்காக ஓட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டுங்கள். வேர்த்து நடந்த பிறகு உப்பும் புளிப்பும் உடம்பு கேட்கும். பாணுக்குள் எதையாவது வைத்துக் கொண்டுபோன நாட்களில் நான் பாதியை மிச்சம் வைத்திருக்கிறேன். புளிச்சோறு ஒருநாளும் மிஞ்சியதில்லை. பெர்லிங் கேப் தேநீர்க்கடையை நம்பி இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம், மாலையில் நேரத்தோடு மூடிவிடுவார்கள்.

ஸ்லவ் தந்தை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆறும் ஒன்பதும் வயதுள்ள இரண்டு பையன்களோடு இதே பாதையில் போக எண்ணியிருந்தேன். வேலி இல்லை என்பதைப் படித்ததும் தயங்குகிறேன்.

குரோய்டன் மருத்துவத் தாதி

ஆறு வயதுப் பிள்ளையோடு விளிம்புப் பாதை வேண்டாம் தம்பி. எக்ஸீட்டிலிருந்து ஆற்றின் கிழக்குக் கரையோடு கடல் வரை போய்த் திரும்புங்கள். சமதளம், தள்ளுவண்டிகூடப் போகும். பிள்ளைகளுக்குக் கூழாங்கல் கரையும் ஆற்று வளைவும் போதும். கடல் பெருகும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னிமலை மகள் (இல்ஃபோர்டு)

போய் வந்துவிட்டோம். சனிக்கிழமை. வெயில், மேகம், நல்ல காற்று.

சீஃபோர்டில் 9:10க்கு இறங்கினோம், ஈஸ்ட்போர்னில் 7 மணி தாண்டித்தான் ரயில் ஏறினோம். முழுப் பாதையும் நடந்தார் அப்பா. ஆனால் நான் நினைத்தபடி அல்ல. சீஃபோர்டு ஹெட்டில் எனக்கு முன்னால் ஏறிப்போய் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது சகோதரியின் இறக்கத்தில் முகம் மாறியது. கேட்டால் ஒன்றுமில்லை என்றார். வடமராட்சி அண்ணா எழுதியிருந்த பக்கவாட்டுக் கால் என் கண்ணில் பட்டது. உட்காரச் சொன்னேன். கைத்தடிகளை ஏற்றத்துக்கு வைத்த நீளத்திலேயே பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. நீட்டிக்கொடுத்த பிறகு சரியாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வோர் உச்சியிலும் நீட்டுவதையும் அடிவாரத்தில் குறைப்பதையும் அவரே செய்துகொண்டார்.

ஆற்று வாயில் நின்று வெகுநேரம் பார்த்தார். அன்றும் இரண்டு பையன்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தெரியாதவர்களிடம் பேசத் தயங்குகிற அப்பா, கைத்தடியை உயர்த்தித் தமிழிலேயே சத்தம் போட்டு அவர்களைத் திரும்பி வரச் சொன்னார். என்ன புரிந்ததோ, முழங்கால் நனைந்ததும் ஏறிவிட்டார்கள். நான் ஓடிப்போய் ஆங்கிலத்தில் விளக்கினேன். பாலத்தைக் கைகாட்டினேன். நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகவே எக்ஸீட் வரை நடந்தோம்.

ஆறில்லாத சுண்ணாம்பு ஊர் என்பதைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். சென்னிமலையில் மழை பெய்தால் பாறையில் வழிந்து ஓடிவிடும், இங்கே உள்ளே போய்விடுகிறது, இரண்டு இடத்திலும் மேலே தண்ணீர் நிற்கவில்லை என்றார். பெர்லிங் கேப்பில் படியிறங்கி அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைச் சுவரில் கோடு கோடாகக் கறுப்புச் சக்கிமுக்கிக் கற்கள். ஒன்றை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். கரையிலிருந்து கல் எடுக்கக் கூடாது என்று சொன்னதும், எடுத்த இடத்தைத் தேடிப்போய் வைத்துவிட்டு வந்தார். மேலே திரும்பிய பிறகு, விளிம்பில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு பஸ்ஸுக்கான இடம் என்பதை நாள் முழுக்க என்னிடம் அளந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணா, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பீச்சி ஹெட்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் இறக்கம்தான் எல்லாவற்றிலும் கடினம். ஊர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் வேகம் கூடுகிறது, சரிவோ செங்குத்து. அப்பா அந்த ஓர் இறக்கத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். கைபேசிக் கடிகாரமும் சொன்னபடியே ஒரு மணி நேரம் முன்னால் போனது. அப்பாவின் கையில் இருந்த பழைய கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடந்தோம்.

மறுநாள் முழங்காலில் வலி இருந்தது, அக்கா. ஐஸ் வைத்தோம், இரண்டு நாளில் குறைந்துவிட்டது. கைத்தடிகளை மடக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். தைப்பூசத்துக்கு எடுத்துப்போவாராம், கூட்டத்தில் வயதானவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்கிறார்.